சிம் கழற்றும் நாள்

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கூடத்தில் இருந்தவர்கள்: பிச்சை, பிளாஸ்டிக் நாற்காலியில். அவர் மனைவி மூக்காயி, அடுப்படி நிலையில் சாய்ந்தபடி. மகன் பழனிச்சாமி, டி.வி.க்குக் கீழே சம்மணம் போட்டு. பழனிச்சாமியின் பெண்டாட்டி சிவரஞ்சனி, கையில் குங்குமச் சிமிழோடு. கீரனூரில் செல்போன் கடை வைத்திருக்கும் ரகுநாத், ஒரு கையில் காப்பி டம்ளரும் மறு கையில் சிம் குத்தும் ஊசியுமாக. கடைசியாக, எடை போட்டுப் பூட்டிய பெட்டியின் மேல், பிச்சையின் மகள் வனிதா. அன்று இரவு எட்டரை மணிக்கு அவளுக்குத் திருச்சியிலிருந்து சிங்கப்பூர் விமானம். அவளுடைய சிம்மைக் கழற்றத்தான் இத்தனை பேரும் கூடியிருந்தார்கள்.

ஒரு சிம்மைக் கழற்ற ஆறு பேர் எதற்கு என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். குன்றாண்டார்கோவிலுக்குக் கிழக்கே இருக்கும் அந்தத் தெருவில் யாரும் கேட்க மாட்டார்கள். அங்கே வெளிநாடு போகிறவர்கள் புறப்படும் நாளில் தங்கள் சிம்மைக் கழற்றி வீட்டில் கொடுத்துவிட்டுத்தான் போவார்கள். போகிற ஊரில் அந்த ஊர் சிம் போட்டுக்கொள்வார்கள். அனுப்பும் பணத்தை இங்கே எடுக்க பாங்கிலிருந்து ஓ.டி.பி. வரும். ஆகவே நம்பர் வீட்டில் இருக்க வேண்டும். காரணம் அவ்வளவுதான். போகப்போக அந்தக் காரணத்தின் மேல் ஒரு சடங்கு ஏறி உட்கார்ந்துகொண்டது. நல்ல நேரம் பார்க்க வேண்டும். கழற்றிய அட்டையைக் குங்குமச் சிமிழின் மூடியில் வைத்து அப்பாவிடம் கொடுத்துக் காலில் விழ வேண்டும். அப்பா அதை மகனிடம் கொடுப்பார். மகன் தன் போனின் இரண்டாவது பொந்தில் செருகிக்கொள்வான். அதோடு போகிறவர் போய்விட்டார் என்று அர்த்தம்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் முதல் தடவை போனபோது வனிதா அப்படித்தான் கொடுத்தாள். கொடுத்தபோது அவளுக்கு அழுகைகூட வந்தது. இப்போது அதை நினைத்தால் தன்னையே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

அந்த நம்பர் வனிதாவுடையது. மாத்தூரில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதச் சம்பளத்தில் அவள் வாங்கியது. வீட்டுக்கு வந்த முதல் செல்போன் அது. அதனால் அதற்குப் பிறகு வீட்டில் யார் எந்த விண்ணப்பம் நிரப்பினாலும் அந்த நம்பரைத்தான் எழுதினார்கள். ரேஷன் கார்டு, கேஸ், பிச்சையின் முதியோர் பென்ஷன், பழனிச்சாமியின் பைக் இன்சூரன்ஸ், எல்லாவற்றிலும் அந்தப் பத்து எண்கள். சிலிண்டர்க்காரன் கேட்கும் நாலு இலக்க நம்பர்கூட அதற்குத்தான் வரும். ஆனால் யாரும் அதை வனிதா நம்பர் என்று சொன்னதில்லை. நம்ம நம்பர் என்றுதான் சொல்வார்கள்.

லீவில் வந்த வனிதா பதினைந்து நாளைக்கு முன்னால் ரேஷன் கடையில் சொர்ணவல்லியைப் பார்த்தாள். இருவரும் ஒன்றாகப் பத்தாவது படித்தவர்கள். சொர்ணவல்லி இப்போது பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். கையைப் பிடித்துக்கொண்டு அவள் சொன்னாள்:

"ஒனக்குத்தான்டி நான் நன்றி சொல்லணும். லிஸ்ட்டுல மொதல்ல ஒம்பேருதான இருந்துச்சு. நீ வேணாம்னு சொன்னதாலதான் எனக்கு வந்துச்சு."

வனிதாவுக்கு முதலில் எதுவும் புரியவில்லை. அந்த வேலைக்கு அவள் விண்ணப்பித்தது உண்மை. கட்டிக்கொடுத்த இடத்தில் ஏழே மாதம் இருந்துவிட்டு வந்தவள் அவள். முன்னுரிமைக்காகக் கணவனால் கைவிடப்பட்டவர் என்று தாசில்தார் கையெழுத்துப் போட்ட சான்றிதழை வாங்க நாலு நடை நடந்தாள். நேர்காணலுக்கும் போனாள். ஒரு வருடம் ஆகியும் தகவல் இல்லை. தேர்தல், வழக்கு என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் சிங்கப்பூருக்கு வீட்டு வேலைக்குப் போனாள். போன நாலாம் மாதம் ஒன்றிய அலுவலகத்திலிருந்து மூன்று தடவை போன் வந்திருக்கிறது. எடுத்தது ஓர் ஆம்பளைக் குரல். அவங்களுக்கு விருப்பம் இல்லைங்க என்று மூன்றாவது தடவை அந்தக் குரல் சொல்லிவிட்டது. சொர்ணவல்லிக்கு அலுவலகத்திலேயே சொன்ன விவரம் இது.

நாலாம் மாதம் வனிதா ஓர் அடுக்குமாடி வீட்டின் பதினோராவது மாடியில் மூன்று கழிவறைகளை ஆசிட் ஊற்றித் தேய்த்துக்கொண்டிருந்தாள். தினமும் இரவு வீட்டுக்குப் பேசுவாள். அண்ணன் மழை பெய்ததைச் சொல்வான், ஆடு குட்டி போட்டதைச் சொல்வான். இதைச் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து அவள் சண்டை போடவில்லை. சண்டை போட்டால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஆத்தா அழுவாள், அப்பா சாப்பிடாமல் படுத்துக்கொள்வார், அண்ணி பிறந்த வீட்டுக்குக் கிளம்புவாள், இரண்டு நாள் கழித்து வனிதாதான் எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கும். வேலை போனது போனதுதான். சொர்ணவல்லியை எழுப்பிவிட்டு அந்த நாற்காலியில் உட்கார முடியாது. ஆனால் நம்பரை இனி இங்கே வைத்துவிட்டுப் போவதில்லை என்று அன்று ராத்திரியே முடிவு செய்தாள்.

வழியைச் சொன்னது ரகுநாத்துதான். போன வாரம் அவன் கடையில் சும்மா கேட்பது போலக் கேட்டாள். இப்போது அட்டை இல்லாத சிம் வந்துவிட்டது, போனுக்குள்ளேயே ஏறிக்கொள்ளும், யாரும் கழற்ற முடியாது என்றான். உங்கள் போனில் இரண்டு நம்பர் அப்படி வைத்துக்கொள்ளலாம், ஊர் நம்பரை மாற்றுவதானால் கம்பெனிக்கு ஒரு மெசேஜ் அனுப்பினால் போதும், மெயிலுக்கு ஒரு க்யூ.ஆர். கட்டம் வரும், அதை ஸ்கேன் பண்ண வேண்டியதுதான் என்றான். புதன்கிழமை காலை ஏழு மணிக்கு, எல்லாரும் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது, வனிதா அந்த மெசேஜை அனுப்பினாள். மெயில் முகவரி கேட்டது. பாஸ்போர்ட் எடுக்கும்போது எழுதிய முகவரியை எழுதினாள். உறுதிசெய்ய ஒன்றை அழுத்தச் சொன்னது. அழுத்தினாள்.

மெயில் என்பது பின்கோடு மாதிரி, விண்ணப்பத்தில் நிரப்ப வேண்டிய ஒரு கட்டம் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அது எங்கேயோ போய்ச் சேரும், யாரோ ஒருவர் திறந்து பார்ப்பார் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை. அந்தத் தெருவில் முக்கால்வாசிப் பேருக்கு அப்படித்தான்.

கூடத்தில் முதலில் சிங்கப்பூர் சிம் வேலை நடந்தது. சிங்கப்பூரில் வனிதா வேலை செய்யும் வீட்டின் அம்மாவே இந்தத் தடவை அட்டை இல்லாத சிம் ஒன்றை வாங்கி, வாட்சப்பில் அந்தக் கட்டத்தின் படத்தை அனுப்பியிருந்தாள். இறங்கியதும் போன் வேலை செய்ய வேண்டும், விமான நிலையத்தில் நின்றுகொண்டு முழிக்கக் கூடாது என்று.

"அக்கா, ஒங்க போன்ல இருக்குற படத்த ஒங்க போனே எப்படிப் பாக்கும்? எனக்கு அனுப்புங்க," என்றான் ரகுநாத். அவன் போனில் படம் வந்தது. அதைத் திருப்பிக் காட்டினான். வனிதா தன் போன் கேமராவை அதற்கு நேரே பிடித்தாள். கொஞ்ச நேரம் சுற்றியது. சேர்ந்துவிட்டது என்று காட்டியது.

"அவ்வளவுதான். எறங்குனதும் இத ஆன் பண்ணுங்க."

பிச்சை எட்டிப் பார்த்தார். "அட்டை எங்கடா?"

"அட்டையே கெடையாது மாமா."

"அட்டை இல்லாம எப்படிடா? காத்துலயா நிக்கிது?"

"போனுக்குள்ள எழுதிக்கிரும்."

"அப்ப இதத் திரும்பி வாரப்ப எப்படிக் கழட்டுவா?"

"கழட்ட முடியாது மாமா. அழிக்கத்தான் முடியும்."

"அது அவ பாடு," என்றான் பழனிச்சாமி. "நமக்கு நம்ம அட்டை போதும். ஒம்பதேகாலோட நல்ல நேரம் முடியுது. ரகு, ஊசிய எடு."

சிவரஞ்சனி சிமிழின் மூடியைத் திறந்து நீட்டினாள். ரகுநாத் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வனிதாவின் போனுக்குக் கை நீட்டினான். அவள் போனை மடியில் கவிழ்த்து அதன் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"வேணாம் ரகு. கழட்டல."

"ஏன், நீயே கழட்டறியா?" என்றாள் மூக்காயி.

"நான் கழட்டிக் குடுக்கப் போறதில்லத்தா. நம்பர் எங்கூடவே வருது. அதையும் இப்படித்தான் மாத்தறேன்."

அந்த நேரம் பார்த்துப் பழனிச்சாமியின் போன் ஒருதரம் மணியடித்தது. அவன் அதை எடுத்துப் பார்த்தான். கண்ணைச் சுருக்கினான்.

"என்னமோ கட்டம் கட்டமா மெயில் வந்திருக்கு. ஒம்பேரு போட்டிருக்கு."

வனிதாவுக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த மெயில் முகவரியை ஆரம்பித்ததே பழனிச்சாமிதான். பாஸ்போர்ட் விண்ணப்பத்துக்காக, பிரவுசிங் சென்டரில், அவன் போனில். கடவுச்சொல் அவனுக்குத்தான் தெரியும். அவள் ஒருநாளும் கேட்டதில்லை. தன் பெயரில் இருக்கும் ஒரு பெட்டியின் சாவி ஆறு வருடமாக அண்ணன் சட்டைப்பையில் இருந்திருக்கிறது. அது ஒரு பெட்டி என்பதே இப்போதுதான் தெரிகிறது.

ரகுநாத் எட்டிப் பார்த்துவிட்டு, அடடா என்பது போல உதட்டைக் கடித்தான்.

"என்னடா இது?" என்றான் பழனிச்சாமி.

"அதாண்ணே அக்காவோட ஊரு நம்பரு. அக்கா ஸ்கேன் பண்ணுனா அவுங்க போன்ல ஏறிக்கிரும்."

"ஓகோ."

"அண்ணே, போனக் காட்டு," என்றாள் வனிதா. எழுந்து அவன் எதிரே போய் நின்றாள். "ஒரு நிமிஷம் பிடிச்சாப் போதும்."

பழனிச்சாமி போனை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான். "வெளக்கமாச் சொல்லு. நீ அங்கிட்டுப் போயிட்டா பாங்குல இருந்து நம்பர் யாருக்கு வரும்?"

"எனக்கு வரும்."

"கேஸுக்கு?"

"மாத்திக்கங்க."

"அப்பா பென்ஷனுக்கு?"

"அதையும் மாத்திக்கங்க. ஒன் நம்பரக் குடு. ஒனக்கும் ஒரு நம்பர் இருக்குல்ல."

"ஒங்க அண்ணன் மேல நம்பிக்க இல்லேங்கிறியா?" என்றாள் சிவரஞ்சனி. திறந்த சிமிழை இன்னும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, நீங்க சும்மா இருங்க. அண்ணே, ஒண்ணு கேக்கறேன். ஒன்றிய ஆபீஸ்லருந்து போன் வந்துச்சா?"

ரகுநாத் எழுந்து போகலாமா என்று வாசலைப் பார்த்தான். அவன் செருப்பு பிச்சையின் நாற்காலிக்கு அடியில் கிடந்தது.

"எப்ப?" என்றான் பழனிச்சாமி.

"எப்பன்னு ஒனக்குத் தெரியும். மூணு தடவ."

"யாரு சொன்னா?"

"அந்த வேலையப் பாக்குறவ சொன்னா."

பழனிச்சாமியின் முகத்தில் வெட்கம் எதுவும் இல்லை. அதுதான் வனிதாவுக்குத் தாங்கவில்லை.

"வந்துச்சு. அதுக்கென்ன இப்ப? அந்தச் சம்பளத்துக்கு நீ அங்க இருந்து ஓடி வரப்போறியா? போயி நாலு மாசங்கூட ஆகல. ஒன் நல்லதுக்குத்தான் சொன்னேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?"

"கேட்டா நீ வந்துருவ."

"ஆமா. வந்திருப்பேன்."

"அதான் கேக்கல."

மூக்காயி நிலையை விட்டு நகர்ந்து முன்னால் வந்தாள். "அவனத் திட்டாத. நாந்தான் வேணாம்னு சொல்லச் சொன்னேன். வெளிநாடு போன பொம்பள நாலு மாசத்துல திரும்பி வந்தா தெருவுல என்ன பேசுவாக? அங்கிட்டு என்ன நடந்துச்சோன்னு பேசுவாக. அதுக்குப் பயந்துதான்."

வனிதா ஆத்தாவைப் பார்த்தாள். பதினைந்து நாள் இந்த விஷயத்தை அவள் தூக்கிக்கொண்டு அலைந்தபோது, ஆத்தாவுக்குத் தெரிந்திருக்காது என்பதை மட்டும் ஒரு ஓரமாகப் பத்திரமாக வைத்திருந்தாள். அதுவும் போயிற்று.

"ஆத்தா, நான் அங்க மூணு கக்கூஸ் கழுவுறேன். இங்க பிள்ளைகளுக்குச் சோறு போட்டிருப்பேன். தெருவு பேசுமேன்னு நீ பயந்த. அந்தத் தெருவா கழுவுது?"

"வாய ரொம்ப நீட்டாத," என்றார் பிச்சை. "பெரியவன் ஒண்ணு செஞ்சா யோசிக்காமலா செய்வான்? சிம்மக் கழட்டிக் குடு. எல்லாம் பெறகு பேசிக்கலாம்."

"பெறகு எப்பப்பா? நான் விமானம் ஏறுனப்புறமா? அப்ப அவந்தான எனக்குப் பதிலாப் பேசுவான்?"

பழனிச்சாமி ரகுநாத்தின் பக்கம் திரும்பினான். "டேய், இத அழிச்சா என்ன ஆகும்?"

"அண்ணே, அதச் செய்யாதீங்க. அக்கா ஏற்கனவே ஓகே குடுத்துட்டாங்க. ரெண்டு மணி நேரத்துல பழைய அட்டை செத்துரும். புதுசும் ஏறாது. நம்பர் யாருக்கும் இல்லாமப் போயிரும்."

"சும்மா பயமுறுத்தாத. அட்டை போனுக்குள்ள இருக்கு. எப்படிச் சாகும்?" என்று சொல்லி, கட்டைவிரலால் அழுத்தினான். குப்பைத்தொட்டி என்று ஒன்று வந்தது. அதற்குள்ளும் போய் அழுத்தினான். ஒரு காரியத்தைச் செய்தால் முழுசாகச் செய்கிறவன் அவன். அதில் குறை சொல்ல முடியாது.

வனிதா கத்தவில்லை. போய்ப் பெட்டியின் மேலேயே உட்கார்ந்தாள். ரகுநாத் செருப்பை எடுத்துக்கொண்டு, "அக்கா, புதுக்கோட்டைல கம்பெனி ஷோரூம் இருக்கு. நேர்ல போனா வேற கட்டம் குடுப்பாங்க. ஆதார எடுத்துட்டுப் போங்க," என்று மெதுவாகச் சொன்னான். பழனிச்சாமி முறைத்ததும் பைக்கை உதைத்துக் கிளம்பிவிட்டான். காப்பி டம்ளர் பாதியிலேயே இருந்தது.

பிறகு ஒன்றரை மணி நேரம் அந்த வீட்டில் அத்தனை பேரும் ஒரு போனின் மூலையில் இருந்த நாலு கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாலு கோடு அப்படியே இருந்தது. "பாத்தியா, ஒண்ணும் ஆகல," என்றான் பழனிச்சாமி. பத்தே முக்காலுக்கு நாலு கோடும் ஒரே அடியாகப் போய், சேவை இல்லை என்று வந்தது. மூக்காயி அதை எட்டிப் பார்த்துவிட்டு, "நாளைக்கு சிலிண்டர் வருதேடா," என்றாள்.

வனிதா பாஸ்போர்ட்டையும் ஆதாரையும் கைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்தாள். யாரும் தடுக்கவில்லை. தடுப்பதற்கு முன் அவள் செருப்பை மாட்டிவிட்டாள். டவுன் பஸ்ஸில் இலவச டிக்கெட்டை வாங்கிக்கொண்டு கீரனூர் வந்தாள். அங்கிருந்து புதுக்கோட்டை பஸ். வழியெல்லாம் கையில் இருந்த போன் ஒரு கண்ணாடித் துண்டு மாதிரி சும்மா இருந்தது. சிங்கப்பூர் சிம் சிங்கப்பூரில்தான் வேலை செய்யும். ஊர் சிம் செத்துவிட்டது. இரண்டு நாட்டுக்கும் நடுவே அவளிடம் ஒரு நம்பரும் இல்லை.

ஷோரூமில் டோக்கன் எடுத்து முக்கால் மணி நேரம் காத்திருந்தாள். அவள் முறை வந்தபோது கவுண்டரில் இருந்த பெண்ணின் சட்டையில் பிளெஸ்ஸி என்று எழுதியிருந்தது. வனிதா நடந்ததில் பாதியைச் சொன்னாள். மீதியை அந்தப் பெண் தானாகப் புரிந்துகொண்ட மாதிரி இருந்தது.

"மெயிலே வேணாங்க. இந்த ஸ்கிரீன்லயே கட்டத்தக் காட்டறேன். இங்கயே ஸ்கேன் பண்ணிக்கலாம். ஆதார் குடுங்க, வெரல வைங்க."

அப்போதுதான் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு பழனிச்சாமி உள்ளே வந்தான். பைக்கில் வந்ததில் தலையெல்லாம் புழுதி. நேரே கவுண்டருக்கு வந்தான்.

"மேடம், அது குடும்ப நம்பரு. அட்டையாக் குடுங்க. நான் அவ அண்ணன்."

"நம்பர் யாரு பேர்ல சார் இருக்கு?"

"அவ பேர்லதான். ஆனா வீட்டுக்குப் பெரியவன் நான்."

"ஆதார் யாருது?"

"அவளுதுதான்."

"அப்ப நீங்க அங்க சேர்ல உக்காருங்க சார். டோக்கன் எடுத்தவங்கதான் இங்க நிக்கலாம்."

அவன் உட்காரவில்லை. இரண்டடி தள்ளி நின்றான். வனிதா வலது கட்டைவிரலைச் சின்னச் சிவப்பு வெளிச்சத்தின் மேல் வைத்தாள். பொருந்தவில்லை என்று வந்தது. துடைத்துவிட்டு வைத்தாள். பொருந்தவில்லை. ஆள்காட்டி விரல். பொருந்தவில்லை. பிளெஸ்ஸி அவள் கையைத் திருப்பிப் பார்த்தாள். விரல் நுனிகளில் கோடு எதுவும் இல்லை. தேய்ந்து வழுவழுவென்று இருந்தது.

"என்ன வேலைங்க பாக்குறீங்க?"

"வீட்டு வேலை. சிங்கப்பூர்ல."

"இப்படி நெறையப் பேருக்கு ஆகுது. சரி, வெரல் வேணாம். ஆதார்ல இருக்குற நம்பருக்கு ஓ.டி.பி. வரும். அதச் சொல்லுங்க, முடிச்சுரலாம்."

"ஆதார்ல எந்த நம்பருங்க இருக்கு?"

பிளெஸ்ஸி திரையைப் பார்த்தாள். கடைசி நாலு எண்ணைச் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கே புரிந்துவிட்டது.

"அந்த நம்பர்தாங்க செத்துக் கெடக்கு," என்றாள் வனிதா.

பின்னால் பழனிச்சாமி சிரித்தான். பெரிய சிரிப்பெல்லாம் இல்லை. மூக்கால் விட்ட ஒரு சிரிப்பு.

நம்பரை வாங்க அந்த நம்பரே வேண்டும். அவள்தான் வனிதா என்று சொல்ல வனிதாவின் விரல் போதாது. யாருக்காக அந்த விரல் தேய்ந்ததோ அந்த ஆள் இரண்டடி தள்ளி நின்று சிரிக்கிறான். அவன் விரலில் எல்லாக் கோடும் இருக்கும். ஒரு கோடு தேய்ந்திருக்காது. இரண்டு வருடமாக அவள் பெயரில் பதில் பேசியவனை எந்த இயந்திரமும் நீ யார் என்று கேட்கவில்லை. ஒன்றிய அலுவலகம் கேட்கவில்லை, பாங்க் கேட்கவில்லை. அவளை மட்டும் கேட்கிறது.

"பத்து வெரலையும் வைக்கிறேங்க," என்றாள். "ஒவ்வொண்ணா வைக்கிறேன். நீங்க அழுத்திக்கிட்டே இருங்க."

"நாலு தடவைக்கு மேல போனா லாக் ஆயிரும்ங்க. இன்னும் ஒரு தடவதான் இருக்கு."

வனிதா இரண்டு கையையும் கவுண்டரின் மேல் விரித்து வைத்துப் பார்த்தாள். தேய்ப்பது வலது கையால். பிழிவது இரண்டாலும். டம்ளர் கழுவும்போது இடது கையின் சுண்டுவிரல் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்த வீட்டுக் குழந்தை அதைப் பார்த்துச் சிரிக்கும். அதை எடுத்து வைத்தாள். அழுத்தி வைத்தாள். நகம் வெளுத்தது.

பச்சை வந்தது.

பிளெஸ்ஸி பெருமூச்சு விட்டுத் திரையைத் திருப்பினாள். கட்டம் வந்தது. வனிதா போனை நேரே பிடித்தாள். சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. அரை மணி நேரம் உட்கார வைத்தார்கள். பிறகு மூலையில் இரண்டு வரிசைக் கோடுகள் தெரிந்தன. ஒன்று மங்கலாக, சிங்கப்பூருக்குக் காத்திருந்தது. இன்னொன்று நாலு கோட்டோடு.

"நாளைக்கு வரைக்கும் மெசேஜ் வராதுங்க, பாதுகாப்புக்காக. போன் பேசலாம்," என்றாள் பிளெஸ்ஸி. "ஒங்க போன்ல இருந்து கழட்டுன இந்தப் பழைய அட்டைய என்ன பண்ண?"

"குப்பைல போடுங்க."

பழனிச்சாமி இப்போது அவள் பக்கத்தில் வந்தான். குரல் இறங்கியிருந்தது. "வனிதா, சொல்றதக் கேளு. அட்டையாவே மாத்தி வாங்கிக் குடுத்துட்டுப் போ. அப்பாவுக்கு மனசு ஒடஞ்சு போச்சு. இன்னமே ஏதாச்சும் போன் வந்தா ஒங்கிட்ட சொல்லிர்றேன். சத்தியமா."

"வராதுண்ணே. அதுக்குத்தான ஆளு போட்டுட்டாக."

"அப்ப திருச்சிக்குப் பேசி வச்ச காரு வராது. நான் வேணாம்னு சொல்லிட்டேன்."

"சரி," என்றாள். அவன் எதிரிலேயே, திரும்பக் கிடைத்த நம்பரிலிருந்து முதல் போனைப் போட்டாள். கீரனூர் ஸ்டாண்டில் கார் ஓட்டும் அஜித்துக்கு. லீவுக்கு வந்தபோது விமான நிலையத்திலிருந்து கூட்டி வந்தவன். "தம்பி, வனிதா பேசறேன். புதுக்கோட்டைக்கு வரமுடியுமா? வீட்டுக்குப் போயிப் பெட்டிய எடுத்துக்கிட்டுத் திருச்சி போகணும்."

பழனிச்சாமி பைக்கில் முன்னாலேயே போய்விட்டான்.

நாலு மணிக்குக் கார் வீட்டு வாசலில் நின்றது. அஜித்தை உட்காரச் சொல்லிவிட்டு வனிதா உள்ளே போனாள். பெட்டி இருந்த இடத்திலேயே இருந்தது. ஆட்களும் அவரவர் இடத்தில் இருந்தார்கள். காலையிலிருந்து யாரும் எழுந்திருக்கவில்லையோ என்று தோன்றும். சாப்பிட்டாயா என்று யாரும் கேட்கவில்லை. பானையில் தண்ணீர் மொண்டு குடித்தாள். முகத்தைக் கழுவினாள்.

"சிலிண்டருக்கு என்ன செய்யறது?" என்றாள் மூக்காயி, சுவரைப் பார்த்து.

"கேஸ் ஆபீஸ் கீரனூர்லதான் இருக்கு. புத்தகத்த எடுத்துட்டுப் போயி அண்ணன் நம்பர எழுதிக் குடுக்கச் சொல்லு. பத்து நிமிஷ வேல."

"பென்ஷனுக்கு?"

"அதுக்கும் எழுதிக் குடுக்கணும். ஒங்க செலவுக்கு உள்ளத மாசாமாசம் அப்பா கணக்குல போடறேன்."

"அப்பா கணக்குல போட்டா நான் எப்படி எடுக்கறது?" என்றான் பழனிச்சாமி.

வனிதா பெட்டியின் கைப்பிடியை இழுத்து நிமிர்த்தினாள். பிச்சையின் முன்னால் போய் நின்றாள். அவர் காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார். விழுவதற்குக் கால் இல்லை.

"வாரேம்ப்பா."

"எங்கிட்டு வாரே?" என்றார் அவர். "நம்பரத் தூக்கிக்கிட்டுப் போறவளுக்கு இங்கிட்டு என்ன வேலை?"

இதற்கு அவளிடம் நிறையப் பதில் இருந்தது. இந்தக் கூடத்தின் டைல்ஸ் யார் போட்டது, அவர் உட்கார்ந்திருக்கும் நாற்காலி யார் வாங்கியது என்று ஆரம்பித்தால் விமானம் போய்விடும். பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தாள். நிலைப்படியில் சக்கரம் தட்டியது. தூக்கி இறக்கினாள். அஜித் ஓடிவந்து வாங்கிக்கொண்டு போய் டிக்கியைத் திறந்தான்.

பின்னால் காலடி கேட்டது. சிவரஞ்சனி வந்துகொண்டிருந்தாள். போன தடவை அவள் கார் வரை வந்து, பூ வைத்துவிட்டு, கார் திரும்பும் வரை கையசைத்தாள். வனிதா படியில் நின்று திரும்பினாள்.

சிவரஞ்சனியின் முகத்தில் கோபம் இல்லை. உலையில் அரிசி போடுகிற முகந்தான். கதவின் இரண்டு பக்கத்தையும் பிடித்து இழுத்துச் சேர்த்தாள். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. பிறகு பூட்டில் சாவி திரும்பும் சத்தம் கேட்டது. ஒரு தடவை. அப்புறம் இன்னொரு தடவை.